ஏழு நாற்காலிகளும் நின்றுகொண்டிருந்த பிரதமரும்

எங்கள் மத்திய அரசுக்குச் சொந்தமாக ஒரு நாற்காலி கூடக் கிடையாது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நாற்காலி வாடகைக்கு விடும் கடைக்காரன் என்ற முறையில் தொழில் ரீதியாகச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் இருந்ததாம். ஏழு மாநிலங்களும் சேர்ந்து இந்த நாட்டை உண்டாக்கியபோது ஆளுக்கு ஒரு நாற்காலி கொடுத்து, "இதில் உட்கார்ந்து ஆளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு மாநிலமும் கோபித்துக்கொண்ட போதெல்லாம் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடைசியாகப் போனது கடலோர மாநிலத்தின் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த நிதியமைச்சரை மரியாதையாகக் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் எடுத்தோம் என்று அந்த மாநிலத்துக்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து மத்திய அரசு நின்றபடியே ஆள்கிறது. முதல்வர்கள் மாநாடு வந்தால் மட்டும் நாற்காலி கேட்டு என் கடைக்கு ஆள் வரும். ஆள் என்றால் பிரதமர்தான். அனுப்ப அவரிடம் வேறு ஆள் இல்லை.

பிரதமர் மெலிந்த மனிதர், நல்ல மனிதர். கடையில் அத்தனை நாற்காலிகளுக்கு நடுவிலும் நின்றுகொண்டுதான் பேசுவார். "உக்காருங்க சார்" என்றால், "இருக்கட்டுங்க, பழக்கம் விட்டுப்போச்சு" என்பார்.

பிளாஸ்டிக் நாற்காலி எத்தனை இருந்தாலும் மாநாட்டுக்குப் போவது என்னிடமுள்ள ஏழு வெல்வெட் நாற்காலிகள்தான். சிவப்பு வெல்வெட், உயரமான முதுகு, தங்கநிறப் பூச்சு போட்ட கைப்பிடி. கல்யாண மேடைக்காகச் செய்தவை. ஏழையும் ஒரே தச்சர் ஒரே மரத்தில் செய்ததால் ஒன்று உயர்த்தி ஒன்று தாழ்த்தி என்ற பேச்சே கிடையாது. ஏழு மாநில அதிகாரிகளும் ஆளுக்கொரு அளவு நாடாவோடு வந்து அளந்து பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்கள். இந்த நாட்டில் எல்லா மாநிலங்களும் நம்புகிற ஒரே பொது நிறுவனம் என் கடைதான் என்று பிரதமர் அடிக்கடி சொல்வார்.

அந்த நாற்காலிகளில் என் மகளை நான் உட்காரவிட்டதே இல்லை. வாடகைப் பொருள், அழுக்காகிவிடும். சின்ன வயதில் ஆசையாகக் கிட்டே போவாள். "உன் கல்யாணத்துக்கு உக்காரலாம்மா" என்று சொல்லித் துரத்திவிடுவேன். இப்படிச் சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்து ஆளாக்கிவிட்டேன். கல்யாண நாளும் வந்தது. அன்றைக்குத்தான் மாநாடும்.

"பொண்ணு கல்யாணத்தன்னிக்குமா உங்களுக்கு அரசாங்க வேலை?" என்றாள் என் மனைவி.

"கல்யாணம் சாயங்காலம்தானே? காலைல போற நாற்காலி மதியத்துக்குள்ள வந்துரும். அவங்க என்னைக்கு உக்காந்திருக்காங்க? யாரு முதல்ல உக்காருறதுன்னு சண்டை போட்டுட்டு வெளிநடப்பு பண்ணிருவாங்க. என் வெல்வெட்டு கசங்கினதே இல்ல."

"என்னைக்காவது ஒருநாள் ஒத்துமையா உக்காந்துட்டா?"

நான் சிரித்தேன். சிரிக்கத் திறந்த வாயை அன்று சாயங்காலம் வரை திகைப்பில் மூட முடியாமல் போகும் என்று எனக்குத் தெரியாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சென்ற மாநாட்டில் ஏழு முதல்வர்களும் நின்றபடியே ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள். "எல்லா மாநிலங்களும் சமம். ஆகவே எந்த மாநிலமும் மற்றொரு மாநிலத்துக்கு முன்போ பின்போ உட்காரவும் கூடாது, எழவும் கூடாது." இந்த நாட்டின் வரலாற்றிலேயே ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் இது ஒன்றுதான். இதை நிறைவேற்றிவிட்டு எல்லோரும் உட்கார முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இந்த முறையும் அதேதான் நடந்திருக்க வேண்டும். நானும் என் மச்சானும் மாடியிலிருந்த மாநாட்டு அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, கடை லாரியை ஓட்டுபவன். ஏழு முதல்வர்களும் உள்ளே வந்தார்கள். ஆளுக்கு இரண்டு காவலர்கள். ஏழு பேரும் நாற்காலிக்கு முன்னால் நின்று ஒருவர் முழங்காலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் முழங்கால் முதலில் மடங்குகிறது என்பதுதான் கேள்வி.

அப்போது மின்சாரம் போய்விட்டது.

மின்சாரம் மலை மாநிலத்துடையது. அவர்களுடைய முதல்வர் மாடிப்படி ஏறி முடித்திருப்பார் என்று கணக்குப் போட்டு, இனிமேல் வெளிச்சம் எதற்கு என்று அங்கே அணைத்துவிட்டார்களாம். மலை முதல்வர் இருட்டிலேயே போன் போட்டுத் திட்டி, விளக்கு திரும்பி வந்தபோது பார்த்தால் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யார் முதலில் உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருவரை ஒருவர் திகைத்துப் பார்த்தார்கள். பிரதமருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மாமா, உக்காந்துட்டாங்க" என்றான் மச்சான்.

"தெரியுதுடா."

வரலாற்றில் முதல் முறையாக மாநாடு தொடங்கியது. பேச வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று. மத்திய அரசு சொந்தமாக ஒரு நாற்காலி வாங்கிக்கொள்ளலாமா? பிரதமர் வட்டத்துக்கு நடுவே நின்று, யாருக்கும் முதுகு காட்டக்கூடாது என்பதற்காக மெதுவாகச் சுற்றிக்கொண்டே கோரிக்கையை வாசித்தார்.

"பெருசா ஒண்ணும் இல்லீங்க. ஒரு சாதாரண நாற்காலி. கைப்பிடி கூட வேண்டாம். கால் வலிக்குது."

மலை முதல்வர் தொண்டையைச் செருமினார். "மாண்புமிகு பிரதமர் மேல எங்களுக்கு மதிப்பு உண்டு. ஆனா ஒரு கேள்வி. இன்னைக்கு நாற்காலி கேக்கிறார். நாளைக்கு என்ன செய்வார்? அதுல உக்காருவார். உக்காந்த மனுஷன் சும்மா இருப்பானா? யோசிப்பான். மத்திய அரசு யோசிக்க ஆரம்பிச்சா மாநிலங்களோட கதி என்ன?"

ஆறு பேரும் கைதட்டினார்கள். பிரதமரும் பழக்க தோஷத்தில் தட்டிவிட்டார்.

கடலோர முதல்வர் பேசினார். "எங்க மாநிலம் பலமான மத்திய அரசைத்தான் விரும்புது. இதுல சந்தேகமே வேண்டாம். அதனாலதான் அது நின்னுக்கிட்டே இருக்கணும்னு சொல்றோம். நின்னாத்தானே கால் பலமாகும்?"

சமவெளி முதல்வர் சமாதானப் பிரியர். அவர் ஒரு நடுவழி சொன்னார். "நாற்காலி குடுக்கலாம். ஆனா ஒரே மாநிலம் குடுத்தா அந்த மாநிலத்துக்கு செல்வாக்கு வந்துரும். அதனால நாலு மாநிலம் ஆளுக்கொரு கால் குடுக்கட்டும். ரெண்டு மாநிலம் ஆளுக்கொரு கைப்பிடி. ஒரு மாநிலம் முதுகு. கணக்கு சரியா வருது பாருங்க, ஏழு."

"உக்கார்ற பலகைங்க?" என்று கேட்டார் பிரதமர்.

"அதை அடுத்த மாநாட்டுல பேசுவோம்."

உடனே முதுகு யார் கொடுப்பது என்று தகராறு வந்தது. பின்னங்கால் என்றால் பின்தங்கிய மாநிலம் என்று அர்த்தமாகிவிடும் என்று இரண்டு பேர் கோபித்தார்கள். கடைசியில் வாக்கெடுப்பு. நாற்காலி வேண்டாம் என்று ஏழு பேரும் கை தூக்கினார்கள். ஒரே நேரத்தில் தூக்கினார்களா என்பதில் சந்தேகம் வந்து இன்னொரு தடவை தூக்கினார்கள். மாநாடு மாபெரும் வெற்றி என்று பிரதமர் தழுதழுத்த குரலில் அறிவித்தார். நான் நாற்காலிகளைக் கட்டுவதற்காகக் கயிற்றை அவிழ்த்தேன்.

யாரும் எழவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தத் தீர்மானத்தின் இரண்டாவது பாதி ஞாபகம் வந்தது. முன்போ பின்போ எழவும் கூடாது. ஏழு பேரும் ஒருவர் முழங்காலை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள்.

நான் பிரதமரிடம் ஓடினேன். "சார், சாயங்காலம் என் பொண்ணுக்குக் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் உக்கார ரெண்டு நாற்காலி வேணும். மிச்சம் அஞ்சு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்களுக்கு. நீங்க ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுங்க. எல்லாரும் ஒண்ணா எந்திரிச்சிரட்டும்."

பிரதமர் தர்மசங்கடமாகக் கையைப் பிசைந்தார். "எனக்கு எண்ணுற அதிகாரம் கிடையாதுங்க. மக்கள்தொகையைக் கூட மாநிலங்கள்தான் எண்ணுறாங்க. வேணும்னா அவங்கள்ல யாராவது எண்ணலாம்."

"எண்ணுறவர் உத்தரவு போட்டவர் ஆயிடுவார். அதுக்கு நாங்க ஒத்துக்க மாட்டோம்" என்றார் மலை முதல்வர்.

"அப்போ நீங்க போன் போட்டு விளக்கை அணைக்கச் சொல்லுங்க. வந்த மாதிரியே இருட்டுல எந்திரிச்சுப் போயிரலாம்" என்றேன்.

கடலோர முதல்வர் குதித்தார். அதாவது நாற்காலியை விட்டு எழாமல் குதித்தார். "அவர் அணைச்சாத்தான் நாங்க எந்திரிக்கணுமா? எங்க மாநிலத்தோட முழங்கால் அவங்க ஸ்விட்சுலயா இருக்கு?"

பிரதமருக்கு ஒரு யோசனை தோன்றியது. "தேசிய கீதம் பாடினா எல்லாரும் நிக்கணும்ல?"

நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் தேசிய கீதத்தில் ஒரு சிக்கல் உண்டு. எந்த மாநிலத்து மொழியில் பாடுவது என்று தகராறு வந்ததால் சொற்களை எடுத்துவிட்டார்கள். எந்த மாநிலத்து வாத்தியத்தில் வாசிப்பது என்று தகராறு வந்ததால் மெட்டையும் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு நிமிட மௌனம். பிரதமர் விறைப்பாக நின்று தேசிய கீதத்தைத் தொடங்கினார். அவர் எப்போதும் விறைப்பாகத்தான் நிற்கிறார் என்பதால் தொடங்கியது யாருக்கும் தெரியவில்லை. முடிந்ததும் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரமும் வந்து போனது. சாப்பாட்டு அறைக்குப் போக எழ வேண்டும். உட்கார்ந்த இடத்தில் கொடுக்கலாம் என்றால் முதல் தட்டு யாருக்கு என்ற கேள்வி. ஒரு காவலர் தன் முதல்வருக்கு மட்டும் ரகசியமாக ஒரு பிஸ்கட் நீட்டினார். ஆறு முதல்வர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். அந்தப் பிஸ்கட்டை ஏழாக உடைக்கப் பார்த்து, அது தூளாகிவிட்டது. மறுபடி விளக்கு அணைந்து எரிந்தது. இந்தத் தடவை எல்லோரும் உஷாராகக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி போன் செய்தாள். "என்னங்க, எங்க இருக்கீங்க? மாப்பிள்ளையோட பெரியப்பா வந்துட்டாரு. பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். அதை ஒரு பார்வை பார்த்துட்டு வாசல்லயே நிக்கிறாரு. வெல்வெட்டு வந்தாத்தான் உள்ள வருவாராம். அவரு உக்காராம கல்யாணத்தை நடத்த விடமாட்டாராம்."

இந்தப் பெரியப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சொந்தத் தம்பி கல்யாணத்தில் முக்காலி போட்டார்கள் என்பதற்காகக் கடைசி வரை நின்றுகொண்டே இருந்து எல்லோர் நிம்மதியையும் கெடுத்தவர்.

"ஒண்ணா உக்காந்துட்டாங்கம்மா" என்றேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல?"

அப்புறம் போனை மகள் வாங்கினாள். "அப்பா, எனக்கு வெல்வெட்டெல்லாம் வேண்டாம்ப்பா. நீங்க வந்தாப் போதும்." அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் துரத்திவிட்டு, அவளுக்கென்று வந்த ஒரு நாளில் ஏழு பெரிய மனிதர்களை உட்காரவைத்திருக்கிறேன். நேராக வட்டத்துக்குள் போய்க் கும்பிட்டேன்.

"ஐயா, ஒரே பொண்ணுங்க. நாற்காலியைக் குடுத்துருங்க."

ஏழு பேருமே உருகிவிட்டார்கள். "உங்க பொண்ணு எங்க பொண்ணு மாதிரி" என்றார் கடலோர முதல்வர். "எங்க மாநிலப் பொண்ணு மாதிரி" என்று திருத்தினார் மலை முதல்வர். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏழு பேரும் ஆசீர்வாதம் செய்தார்கள். எவரும் ஒரு அங்குலம் எழவில்லை.

நான் சுவரோரம் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டேன். மச்சான் பல்லைக் குத்தியபடி யோசித்தான். "மாமா, எந்திரிக்கக் கூடாதுன்னுதானே இருக்கு? தூக்கக் கூடாதுன்னு இல்லையே?"

"என்னடா சொல்ற?"

"பீரோவை உள்ள சாமானோட தூக்குறதில்லையா நாம?"

விஷயத்தை முதல்வர்கள் முன் வைத்தோம். அவர்கள் பசியில் இருந்தார்கள், மண்டபத்தில் சாப்பாடு இருந்தது. சமவெளி முதல்வர், தூக்கப்படுவது எழுவது ஆகாது, அது போக்குவரத்து என்று விளக்கம் கொடுத்தார். லாரி எந்த மாநிலத்துடையதும் இல்லை, என் கடையுடையது என்பதால் எந்த மாநிலத்துக்கும் சாதகம் ஆகாது என்று மற்றவர்களும் திருப்தி அடைந்தார்கள்.

"நான் ஆட்சேபிக்கலாமா?" என்று கேட்டார் பிரதமர்.

"முடியாது" என்றார்கள் ஏழு பேரும்.

"அப்போ சரிங்க."

ஒரு நாற்காலிக்கு இரண்டு காவலர்கள். மச்சான் நடுவில் நின்று, "ஏய்... தூக்கு!" என்று கத்தினான். ஏழு மாநிலங்களும் ஒன்றாக உயர்ந்தன. சரக்கு ஏற்றுகிறவன் கத்துவதை எந்த முதல்வரும் உத்தரவாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே இடத்தில்தான் சிக்கல். லாரியில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் முன்னேறிய மாநிலம், பின்பக்கம் பார்த்தால் பின்தங்கிய மாநிலம். எனவே மறுபடி வட்டமாகவே அடுக்கிக் கயிற்றால் கட்டினோம். பிரதமருக்கு வண்டி கிடையாது. "எனக்கும் அந்தப் பக்கம்தான் வேலை" என்று பொய் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி, கயிற்றைப் பிடித்து நின்றுகொண்டார். தெருவில் போகிறவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஏழு முதல்வர்களும் பதிலுக்குக் கையசைத்தார்கள். பிரதமர் கையை எடுத்தால் விழுந்துவிடுவார், அதனால் தலையை மட்டும் ஆட்டினார்.

மண்டபத்து வாசலில் பெரியப்பா நின்றிருந்தார். நாற்காலிகள் இறங்குவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதில் ஆள் இருப்பதைப் பார்த்ததும் சுருங்கியது.

"என் நாற்காலில யாரு?"

"அது வந்து... முதலமைச்சருங்க."

"இருக்கட்டும். நான் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா."

"நாங்க எந்திரிக்கிறதா இல்ல" என்றார் மலை முதல்வர்.

"நான் நின்னதை நிறுத்துறதா இல்ல" என்றார் பெரியப்பா. அவரை ஏன் எட்டாவது மாநிலமாகச் சேர்க்கவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஏழு நாற்காலிகளும் மேடைக்கு முன்னால் வட்டமாக நின்றன. மேடையில் என் மகளும் மாப்பிள்ளையும் நின்றார்கள். பெரியப்பா நின்றார். அவர் நிற்கும்போது உட்காருவது மரியாதை இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அவர்கள் நிற்கிறார்களே என்று எங்கள் பக்கமும் எழுந்தது. மண்டபம் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் அந்த ஏழு பேர் மட்டும்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் மேடையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பரவாயில்லை என்கிற சிரிப்பு. அதற்கு அவள் அழுதிருக்கலாம்.

இதெல்லாம் நடக்கும்போது என் மனைவி சமையற்கட்டில் இருந்தாள். அவள் வெளியே எட்டிப் பார்த்தபோது, ஒல்லியாக ஒருவர் கதவோரம் கை கட்டி நிற்பது கண்ணில் பட்டது. பரிமாற வந்த ஆள் என்று நினைத்துவிட்டாள்.

"ஏம்ப்பா, வந்ததுல இருந்து பாக்குறேன், சும்மாவே நிக்கிற. கல்யாணம் எப்ப நடக்குமோ தெரியல, வந்தவங்க வயிறு காயுது. போய் சாப்பாடு ரெடின்னு சொல்லு."

"நானா?" என்றார் பிரதமர்.

"பின்னே நானா? சத்தமா சொல்லு."

அவர் தயங்கித் தயங்கி மேடைக்கு முன்னால் போனார். வழக்கம்போல யாருக்கும் முதுகு காட்டாமல் ஒரு சுற்றுச் சுற்றினார். தொண்டையைச் செருமினார்.

"சாப்பாடு ரெடி."

ஏழு முதல்வர்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒரு நொடி முன்னே பின்னே இல்லை. ஏழு அளவு நாடா வைத்து அளந்திருந்தாலும் வித்தியாசம் கண்டுபிடித்திருக்க முடியாது. காலையிலிருந்து பசித்த வயிறுகள். சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி அவர்கள் ஓடிய வேகத்தில் மலையும் கடலும் இடித்துக்கொண்டன. யார் முதலில் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களோடு சேர்ந்து பெரியப்பாவும் ஓடினார். வாசலில் நெடுநேரம் நின்றவருக்குப் பசிக்காதா?

"மச்சான், தூக்குடா!" என்று கத்தினேன்.

ஏழு நாற்காலிகளையும் பறித்தோம். இரண்டை மேடையில் போட்டு, வெல்வெட்டை என் துண்டால் தட்டினேன். என் மகள் உட்கார்ந்தாள். கைப்பிடியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். நான் மச்சானைச் சும்மா திட்டினேன். பெரியப்பா வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, தனக்கென்று போட்டிருந்த வெல்வெட்டில் சாய்ந்து ஏப்பம் விட்டார். கல்யாணம் நடந்தது.

இதற்கு நடுவே, பாதிச் சாப்பாட்டில் சமவெளி முதல்வருக்குச் சந்தேகம் வந்து, எச்சில் கையைத் தூக்கிப்பிடித்தபடி வெளியே வந்தார். "ஒண்ணைத் தெளிவுபடுத்திர்றேன். சாப்பாடு ரெடிங்கிறது தகவல். உத்தரவு இல்ல. மத்திய அரசு தகவல் சொல்லலாம். ஆனா அடுத்த தடவை சமைச்சவங்ககிட்ட எழுத்துல அனுமதி வாங்கிட்டுத்தான் சொல்லணும்." மற்ற ஆறு பேரும் உள்ளேயிருந்து வாய் நிறைய ஆமோதித்துவிட்டு, ஏதோ சொன்னார்கள். சோறு அடைத்திருந்ததால் புரியவில்லை.

பிரதமர் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"எந்திரிச்சாங்க, பாத்தீங்களா? நான் சொல்லி."

"பாத்தேன் சார். நல்லா சொன்னீங்க."

எனக்கு அவர் மேல் பரிவு பொங்கிக்கொண்டு வந்தது. மூலையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்க சார். வாடகை வேண்டாம். எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, யாரும் பாக்க மாட்டாங்க."

அவர் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஏழு தலைகளும் குனிந்திருந்தன. நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். முதலில் ஓரமாக, பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கால்களை மெதுவாக நீட்டினார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

திடீரென்று கண்ணைத் திறந்து, பதறிப்போய் எழுந்து நின்றார்.

"என்னாச்சு சார்? குத்துதா?"

அவர் நாற்காலியை என் பக்கம் அவசரமாகத் தள்ளிவிட்டு, கூடத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, என் காதில் சொன்னார்.

"அந்த மலை முதல்வர் சொன்னது சரிதாங்க. யோசனை வருது."